பிவட் அட்டவணையிலிருந்து தொகையைப் பெயர் சொல்லி எடுப்பது

பாலக்கோட்டிலிருந்து ஒரு வாசகரின் கேள்வி, 2024 மே 11

அக்கா, தக்காளி மண்டியில் கணக்கு எழுதுகிறேன். எந்த ஊரிலிருந்து எத்தனை பெட்டி வந்தது என்பதை எக்செல்லில் பிவட் அட்டவணையாக (பதிவுகளைத் தானே கூட்டித் தொகுத்துத் தரும் அட்டவணையாக) போட்டு, அதிலிருந்து முதலாளிக்கு ஓர் அறிக்கைத் தாள் தயாரிக்கிறேன். அறிக்கையில் சமக்குறி போட்டுப் பிவட்டில் உள்ள கட்டத்தைச் சொடுக்கினால் கட்ட முகவரி வராமல் 'கெட்பிவட்டேட்டா' என்று நீளமாக ஏதோ வருகிறது. அதைக் கீழே இழுத்தால் எல்லா ஊருக்கும் ஒரே எண்ணிக்கை நிற்கிறது. இந்தத் தொல்லையை நிறுத்திவிடலாம் என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். எப்படி நிறுத்துவது?

மே 11, மாலை

கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். பிவட்டுக்குள் ஏதாவது ஒரு கட்டத்தில் நின்றுகொண்டு, மேலே 'பிவட்டேபிள் அனலைஸ்' தாவலைத் திறந்து, இடது ஓரத்தில் 'ஆப்ஷன்ஸ்' பொத்தானின் பக்கத்தில் உள்ள சிறு அம்பைச் சொடுக்கினால் 'ஜெனரேட் கெட்பிவட்டேட்டா' என்ற வரி இருக்கும். அதில் உள்ள டிக்கை எடுத்துவிட்டால் சூத்திரம் வராது, கட்ட முகவரிதான் வரும். இந்த அமைப்பு ஒரு கோப்புக்கு மட்டும் உரியதல்ல. அந்தக் கணினியில் நீங்கள் திறக்கும் எல்லாக் கோப்புக்கும் அதுவே பொருந்தும்.

ஆனால் தம்பி, நிறுத்த வேண்டாம் என்றுதான் சொல்வேன். கிருஷ்ணகிரியில் ஒரு மாங்கூழ் ஆலையின் கொள்முதல் கணக்கைப் பல பருவங்களாகப் பார்த்து வருகிறேன். நானும் ஒரு காலத்தில் அந்த டிக்கை எடுத்து வைத்திருந்தவள்தான். அதனால் என்ன நேர்ந்தது என்பதைப் பிறகு எழுதுகிறேன்.

மே 11, இரவு

எல்லா வரியிலும் ஒரே எண் ஏன் வருகிறது என்பதை மட்டும் இன்றே சொல்லிவிடுகிறேன். நீங்கள் சொடுக்கும்போது எக்செல் எழுதிக் கொடுக்கும் சூத்திரம் இப்படி இருக்கும். (இங்கே எங்கள் ஆலைக் கணக்கின் பெயர்களை வைத்துத் தமிழில் எழுதுகிறேன். கட்டத்தில் சூத்திரத்தின் பெயரையும் கட்ட எழுத்துகளையும் ஆங்கிலத்தில்தான் அடிக்க வேண்டும்.)

=கெட்பிவட்டேட்டா("எடை", 'சுருக்கம்'!$ஏ$3, "ஊர்", "பர்கூர்")

முதலில் உள்ளது நமக்கு வேண்டிய மதிப்பின் பெயர். இரண்டாவது, எந்தப் பிவட் என்பதைக் காட்டும் கட்டம்; 'சுருக்கம்' என்பது அந்தப் பிவட் இருக்கும் தாளின் பெயர். பிவட்டுக்குள் எந்தக் கட்டமும் ஆகும் என்றாலும், மேல் இடது மூலைக் கட்டத்தைக் கொடுப்பது நல்லது, ஏனென்றால் பிவட் சுருங்கினாலும் விரிந்தாலும் அந்த மூலை அதற்குள்ளேயே இருக்கும். அடுத்து வருபவை சோடி சோடியாக, தலைப்பின் பெயரும் அதற்குள் உள்ள உருப்படியும். இப்படி 126 சோடி வரை கொடுக்கலாம்.

'பர்கூர்' என்பது மேற்கோள் குறிக்குள் எழுத்தாகவே பதிந்துவிட்டதால், கீழே இழுத்தாலும் அது பர்கூரையே கேட்டுக்கொண்டிருக்கிறது. ஊர்ப் பெயர்கள் அறிக்கையின் ஏ பத்தியில் ஆறாவது வரியிலிருந்து இருந்தால், மேற்கோளோடு சேர்த்து அந்தப் பெயரை அழித்துவிட்டு $ஏ6 என்று போடுங்கள்:

=கெட்பிவட்டேட்டா("எடை", 'சுருக்கம்'!$ஏ$3, "ஊர்", $ஏ6)

ரகமும் வேண்டுமென்றால் ஐந்தாவது வரியில் ரகப் பெயர்களை எழுதிவைத்து, "ரகம்", பி$5 என்று இன்னொரு சோடியைச் சேர்த்துக்கொள்ளலாம். ($ குறிக்கு அடுத்து உள்ள எழுத்தோ எண்ணோ இழுக்கும்போது மாறாது.) எங்களுக்கு அங்கே பெங்களூரா, செந்தூரா, அல்போன்சா, நீலம் என்று வரும். இப்போது குறுக்கேயும் நெடுக்கேயும் இழுத்துப் பாருங்கள், ஒவ்வொரு கட்டமும் தன் ஊரையும் தன் ரகத்தையும் தானே கேட்டு வாங்கிக்கொள்ளும்.

மே 13

கட்ட முகவரியை நம்பி நான் பட்டதை எழுதுகிறேன் என்றிருந்தேன். 2019 பருவத்தில் நடந்தது.

ஊர்வாரி எடையை வைத்து லாரி வாடகை போடுவது அப்போது என் வேலையாக இருந்தது. பிவட்டில் ஊத்தங்கரை, காவேரிப்பட்டணம், பர்கூர், போச்சம்பள்ளி, மத்தூர் என்று அகர வரிசையில் ஊர்கள் நின்றன. தலைப்பு மூன்றாவது வரி, ஊத்தங்கரை நான்காவது வரி, பர்கூர் ஆறாவது வரி. அறிக்கையில் ஊர்ப் பெயர்களைக் கையால் அடித்துவிட்டு, பர்கூருக்கு எதிரே ='சுருக்கம்'!பி6 என்று எழுதிவைத்திருந்தேன். சில வாரங்களுக்குச் சரியாகத்தான் வந்தது.

பிறகு ஒரு நாள் சந்தூரிலிருந்து முதல் லோடு வந்தது. நான் பிவட்டைப் புதுப்பித்தேன். ஏறுவரிசை வைத்திருந்ததால் சந்தூர் போய்க் காவேரிப்பட்டணத்துக்கும் பர்கூருக்கும் நடுவே உட்கார்ந்துகொண்டது. அதற்குக் கீழே உள்ள எல்லா ஊரும் ஒரு வரி இறங்கின. என் அறிக்கையில் உள்ள முகவரிகள் இறங்கவில்லை. நாமாக வரி செருகினால்தான் முகவரி உடன் நகரும், பிவட் தனக்குள் வரிகளை மாற்றிக்கொள்ளும்போது நகராது. அதனால் பர்கூருக்கு எதிரே சந்தூரின் 3,150 கிலோவும், போச்சம்பள்ளிக்கு எதிரே பர்கூரின் 9,200 கிலோவும் வந்து நின்றன. எந்தக் கட்டத்திலும் பிழைக்குறி இல்லை. எல்லாம் பார்வைக்கு ஒழுங்கான எண்கள்.

மறுநாள் பர்கூர் லாரிக்காரர் எடைச்சீட்டுக் கட்டோடு என் மேசை முன் வந்து நின்றார். "என்னம்மா, நான் ஏற்றி வந்ததில் மூன்றில் ஒரு பங்குக்குத்தான் வாடகை போட்டிருக்கிறாய்" என்றார். சீட்டுகளை ஒவ்வொன்றாக விரித்துவைத்துக் கூட்டிக் காட்டினார். அவர் கூட்டியது 9,200. டீசல் கடனுக்கு அந்தப் பணத்தை எதிர்பார்த்திருந்த மனிதர் அவர். அன்று மாலையே மீதியைக் கொடுத்துவிட்டோம் என்றாலும், அந்தச் சீட்டுகளை அவர் நீவி நீவி அடுக்கிய விதம் எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது.

முகவரி என்பது ஆறாவது வரியில் யார் இருக்கிறார்கள் என்று கேட்பது. இந்தச் சூத்திரம் பர்கூர் எங்கே இருந்தாலும் பர்கூரின் எடையைக் கொடு என்று கேட்பது. அன்றிரவே டிக்கைத் திரும்பப் போட்டேன்.

மே 14

மதிப்பின் பெயரையும் கட்டத்திலிருந்து எடுக்க முயன்றதாகவும், பிழை வருவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அந்த ஓர் இடத்தில் மட்டும் வெறும் கட்ட முகவரி கொடுத்தால் '#ரெஃப்!' என்ற பிழைக்குறி வரக்கூடும். முகவரியோடு வெற்று எழுத்தை ஒட்டிக் கொடுங்கள்: பி$4&"" என்று. அப்போது அதை எழுத்தாக எடுத்துக்கொள்ளும்.

இன்னொன்று. பிவட்டில் 'சம் ஆஃப் எடை' என்று வரும் தலைப்பைப் பலர் 'எடை' என்று மாற்றப் பார்ப்பார்கள். மூலப் பத்தியின் பெயரும் அதுவே என்பதால் எக்செல் மறுத்துவிடும். 'மொத்த எடை' என்று வையுங்கள். ஒரே பத்திக்குக் கூட்டுத்தொகையும் சராசரியும் இரண்டும் போட்டிருந்தால், சூத்திரத்திலும் அந்த முழுத் தலைப்பையே கொடுக்க வேண்டும்.

மே 19

சில ஊர்களுக்கு மட்டும் '#ரெஃப்!' வருகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். இந்தச் சூத்திரத்துக்கு ஒரு குணம் உண்டு. பிவட்டில் கண்ணுக்குத் தெரிவதை மட்டுமே அது எடுத்துக் கொடுக்கும். அந்த ஊர் இன்னும் வரவில்லை என்றாலும், வடிகட்டியில் மறைந்திருந்தாலும், ஊருக்குள் ரகங்கள் கழித்தல் குறியால் சுருக்கப்பட்டிருக்கும்போது ரகத்தைக் கேட்டாலும் இதே பிழைதான். ஊருக்கு உள்ளே ரகம் என்று அடுக்கியிருக்கிறீர்கள் என்றால், 'டிசைன்' தாவலில் துணைக் கூட்டலை நிறுத்திவைத்திருக்கிறீர்களா என்றும் பாருங்கள். நிறுத்தியிருந்தால் ஊரின் மொத்தம் என்ற கட்டமே அங்கே இல்லை. இல்லாததைக் கேட்டால் அது எங்கிருந்து கொடுக்கும்? முழுக் கூட்டலுக்கும் இதே கதைதான்.

வரவே இல்லாத ஊருக்குப் பிழைக்குறி தெரிவது அசிங்கமாக இருந்தால், முழுச் சூத்திரத்தையும் 'இஃப்எரர்' என்பதற்குள் வைத்து, பிழை வந்தால் 0 என்று போட்டுக்கொள்ளுங்கள். நான் அப்படித்தான் செய்கிறேன்.

ஜூன் 2

மே 19-இல் கடைசியாகச் சொன்ன யோசனையைத் திரும்பப் பெறுகிறேன். அதைப் பின்பற்றியிருந்தால் தயவுசெய்து மாற்றிவிடுங்கள்.

நேற்று எங்கள் அறிக்கையில் காவேரிப்பட்டணத்துக்கு எதிரே 0 என்று இருந்தது. காவேரிப்பட்டணம் எங்களுக்கு நிறையப் பழம் வருகிற ஊர். பருவம் உச்சத்தில் இருக்கும்போது அங்கிருந்து ஒரு கிலோகூட வராமல் இருக்காது. மூலத் தாளைத் திறந்து பார்த்தால், எடைமேடையில் புதிதாக வந்த பையன் அந்த வாரம் முழுவதும் 'காவேரிப்பட்டினம்' என்று அடித்திருக்கிறான். அவன் மேல் குற்றமில்லை, ஊரில் பேருந்துப் பலகையிலேயே இரண்டு விதமாகவும் பார்க்கலாம். வேப்பனஹள்ளியும் அப்படித்தான், வேப்பனப்பள்ளி என்று எழுதுகிறவர்கள் உண்டு. நமக்கு இரண்டும் ஓர் ஊர். பிவட்டுக்கு இரண்டு ஊர்.

'#ரெஃப்!' என்று கத்தியிருந்தால் அந்த வாரத்தின் முதல் நாளே கண்டுபிடித்திருப்பேன். நான்தான் அதன் வாயை 0 போட்டு அடைத்துவைத்திருந்தேன். பூஜ்யம் என்பது 'பழம் வரவில்லை' என்று உறுதியாகச் சொல்லும் ஓர் எண். சூத்திரத்துக்குத் தெரிந்ததெல்லாம் 'அந்தப் பெயரை நான் காணவில்லை' என்பது மட்டுமே. இரண்டும் வேறு வேறு செய்திகள்.

இப்போது மாற்றியிருப்பது இதுதான். பிழை வந்தால் 0 அல்ல, 'பெயர் இல்லை' என்ற எழுத்து வரும். சம் சூத்திரம் எழுத்தைக் கூட்டாது என்பதால் மொத்தம் கெடாது. பிறகு அறிக்கையின் அடியில் ஒரு வித்தியாசக் கட்டம் வைத்தேன். சோடி எதுவும் இல்லாமல் =கெட்பிவட்டேட்டா("எடை", 'சுருக்கம்'!$ஏ$3) என்று எழுதினால் பிவட்டின் முழுக் கூட்டல் வரும். அதிலிருந்து அறிக்கை வரிகளின் கூட்டலைக் கழித்தேன். முழுக் கூட்டல் 74,310, அறிக்கை வரிகள் 61,850, வித்தியாசம் 12,460 கிலோ. அந்த 12,460-உம் 'காவேரிப்பட்டினம்' என்ற பெயரில் பிவட்டில் தனி வரியாக உட்கார்ந்திருந்தது.

பதிவுத் தாளில் ஊர்ப் பத்திக்கு 'டேட்டா வேலிடேஷன்' மூலம் ஒரு பட்டியலையும் கட்டிவிட்டேன். இனிமேல் பட்டியலில் இல்லாத பெயரை அடித்தால் எக்செல் ஏற்காது. இதை முதல் நாளே செய்திருக்க வேண்டும்.

ஜூன் 3

பெயர் ஒன்றாகத் தெரிந்தும் பொருந்தாத இன்னொரு வகை உண்டு. பழைய கோப்புகளோடு ஒப்பிடப் போகிறவர்களுக்காகச் சொல்கிறேன். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்த தாள்கள் பல அலுவலகங்களில் இன்னும் கிடக்கின்றன. அவற்றில் திரையில் தெரிவது தமிழ், உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகள். பாமினியில் 'தமிழ்' என்று தெரியும் சொல்லின் உள்ளே ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி ஆகியவைதான் இருக்கின்றன. எல்லா மொழிக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டு முறையான யூனிகோடைத் தமிழ்நாடு அரசு 2010-இலேயே தரமாக அறிவித்துவிட்டது என்றாலும் பழைய தாள்கள் தாமாக மாறிவிடாது. அப்படிப்பட்ட பத்தியை மூலமாக வைத்த பிவட்டை யூனிகோடில் அடித்த 'பர்கூர்' கேட்டால் '#ரெஃப்!'தான் வரும். கட்டத்தின் எழுத்துருவை ஏரியல் என்று மாற்றிப் பாருங்கள், உள்ளே இருப்பது வெளிச்சத்துக்கு வந்துவிடும். முதலில் எழுத்துரு மாற்றியில் கொடுத்து யூனிகோடாக்கிவிட்டுப் பிறகு பிவட் போடுங்கள்.

ஜூன் 9

தேதி பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். தேதியை மேற்கோளுக்குள் எழுத்தாகக் கொடுக்காதீர்கள். 9/6/2024 என்பது ஒரு கணினியில் ஜூன் 9, அமெரிக்க முறை வைத்திருக்கும் கணினியில் செப்டம்பர் 6. "தேதி", டேட்(2024,6,9) என்று கொடுத்தால் குழப்பமில்லை. தேதியை மாதமாகத் தொகுத்திருந்தால் மாதத்தின் எண்ணைக் கொடுக்க வேண்டும், ஜூனுக்கு 6.

ஜூன் 23

ஜூன் 2-இல் சொன்ன வித்தியாசக் கட்டத்தையும் திருத்த வேண்டியிருக்கிறது. அது பாதிக் காவல்தான்.

எங்கள் மேலாளர் நேற்று செந்தூரா மட்டும் எவ்வளவு என்று பார்ப்பதற்காகப் பிவட்டின் மேலே இருக்கும் வடிகட்டியில் ரகத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டு, அப்படியே சேமித்து மூடிவிட்டார். நான் ஊர்வாரி அறிக்கையைத் திறந்தேன். எங்கேயும் '#ரெஃப்!' இல்லை. அன்று எல்லா ஊரிலும் கொஞ்சம் செந்தூரா வந்திருந்ததால் எல்லா ஊரின் பெயரும் பிவட்டில் இருந்தது. சூத்திரம் அந்தச் சிறிய எடையை எடுத்துக் கொடுத்துவிட்டது. வித்தியாசக் கட்டமும் 0 காட்டியது, ஏனென்றால் முழுக் கூட்டலும் அதே வடிகட்டிக்கு உட்பட்டதுதான். ஒரே சாட்சியை இரண்டு முறை விசாரித்தது போல ஆகிவிட்டது.

ஆகவே ஒப்பிட வேண்டியது பிவட்டின் முழுக் கூட்டலோடு அல்ல, பிவட்டுக்கு வெளியே உள்ள மூலத்தோடு. பதிவுத் தாளை டேபிளாக்கி 'வரவு' என்று பெயர் வைத்திருக்கிறேன். =சம்(வரவு[எடை]) என்பதிலிருந்து அறிக்கையின் கூட்டலைக் கழிக்கிறேன். இதில் இன்னொரு நன்மையும் கிடைத்தது. எங்கள் எக்செல்லில் பிவட் தானாகப் புதுப்பித்துக்கொள்ளாது, ஆனால் சம் உடனே மாறும். புதுப்பிக்க மறந்துவிட்டு அறிக்கையைத் திறந்தால் வித்தியாசக் கட்டம் காட்டிக் கொடுத்துவிடும். அப்போது கன்ட்ரோல், ஆல்ட், எஃப்5 மூன்றையும் சேர்த்து அழுத்தினால் எல்லாப் பிவட்டும் புதுப்பிக்கப்படும். பிவட் அமைப்பில் 'டேட்டா' பகுதியில் கோப்பைத் திறக்கும்போதே புதுப்பிக்கச் சொல்லும் டிக்கும் இருக்கிறது.

மேலாளர் பார்ப்பதற்கும் சூத்திரம் படிப்பதற்கும் ஒரே பிவட்டை வைத்ததும் தவறுதான். இப்போது இரண்டாகப் பிரித்துவிட்டேன். சூத்திரம் படிக்கும் பிவட் தனித் தாளில் இருக்கிறது, அந்தத் தாளை மறைத்துவிட்டேன். தாள் மறைந்திருந்தாலும் சூத்திரத்துக்கு அது தெரியும். மேலாளர் தன்னுடையதை விரும்பியபடி இழுத்துப் போட்டுப் பார்க்கலாம்.

ஜூன் 24

இவ்வளவு காவல் போடுவதற்குப் பேசாமல் மூலத்திலிருந்தே 'சம்இஃப்ஸ்' (சொன்ன நிபந்தனைக்குப் பொருந்தும் வரிகளை மட்டும் கூட்டும் சூத்திரம்) போட்டுவிடலாமே என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்விதான். நேற்றிரவு நானும் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

பட்டுவாடா நாளன்று நான் சம்இஃப்ஸ்தான் போடுகிறேன். அது புதுப்பிக்கக் காத்திருக்காது, வடிகட்டியும் அதைத் தொடாது. விவசாயியின் கையில் பணம் போகிற தாளில் அந்த உறுதி வேண்டும். ஆனால் அது பெயர் இல்லையென்றால் 0 என்றுதான் சொல்லும், '#ரெஃப்!' என்று சொல்லாது. காவேரிப்பட்டினம் விஷயத்தில் சம்இஃப்ஸ் எனக்கு எந்த எச்சரிக்கையும் கொடுத்திருக்காது. மூலத்தின் மொத்தத்தோடு ஒப்பிடும் கட்டம் அங்கேயும் வேண்டும். பருவ முடிவில் ஊர், ரகம், மாதம், சராசரி என்று பலவும் கேட்கும் தொகுப்பு அறிக்கைக்குப் பிவட்டும் இந்தச் சூத்திரமும்தான் எனக்குக் கைகொடுக்கின்றன.

ஜூலை 14

பெங்களூரா வரத்து குறையத் தொடங்கிவிட்டதால் இன்றுதான் உட்கார்ந்து எழுத நேரம் கிடைத்தது.

கூகுள் ஷீட்ஸிலும் லிபர்ஆபிஸ் கால்க்கிலும் இந்தச் சூத்திரம் இருக்கிறதா என்ற கேள்விக்கு: இரண்டிலும் இதே பெயரில் இருக்கிறது. எக்செல்லில் டேட்டா மாடலில் (பல அட்டவணைகளை இணைத்து வைக்கும் வசதியில்) சேர்த்துப் போட்ட பிவட்டாக இருந்தால் மட்டும் பெயர்களைச் சதுர அடைப்புக்குள் வேறு விதமாக எழுத வேண்டும். அதைக் கையால் அடிக்காமல், ஒரு முறை சொடுக்கி வரவழைத்து, ஊர்ப் பெயர் வரும் இடத்தை மட்டும் & போட்டு மாற்றிக்கொள்ளுங்கள்.

நீங்கள் அனுப்பிய கோப்பைப் பார்த்தேன். ராயக்கோட்டைக்கு மட்டும் விடாமல் 'பெயர் இல்லை' என்று வருவதற்குக் காரணம் எழுத்துப் பிழை இல்லை. பதிவுத் தாளில் பிவட்டுக்குக் கிடைக்கும் பெயரின் கடைசியில் ஓர் இடைவெளி ஒட்டிக்கொண்டிருக்கிறது, அறிக்கையில் அது இல்லை. 'லென்' போட்டு இரண்டு பக்கத்தையும் எண்ணிப் பாருங்கள், ஒன்று கூடுதலாக வரும். பக்கத்துப் பத்தியில் ஓர இடைவெளியை நீக்கும் 'டிரிம்' போட்டு, மதிப்பாக ஒட்டிவிட்டு, பிவட்டைப் புதுப்பியுங்கள். வேலிடேஷன் பட்டியலில் உள்ள பெயரிலும் அதே இடைவெளி இருக்கிறது. அதையும் எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் நாளைக்கு வரும் லோடிலிருந்து மறுபடியும் தொடங்கிவிடும்.